ஓடிக்கொண்டே ஓய்வெடுப்பவர்கள்

1984இல் பால் டெர்ஹோர்ஸ்ட் என்ற அமெரிக்கத் தணிக்கையாளர் வேலையை விட்டார். வயது 35. பீட் மார்விக் என்ற பெரிய தணிக்கை நிறுவனத்தில் அவர் பார்ட்னர். அந்தத் தொழிலில் அது லேசில் கிடைக்கிற இடமல்ல. கிடைத்தவர்கள் முடி நரைக்கும்வரை நாற்காலியை விடமாட்டார்கள். அவர் விட்டார். மனைவி விக்கியுடன் அர்ஜென்டினா போனார், பிறகு நாடு நாடாகச் சுற்றினார், 35 வயதில் ஓய்வு பெறுவது எப்படி என்று 1988இல் ஒரு புத்தகமும் எழுதினார். 1991இல் பங்குத் தரகர் பில்லி கேடர்லியும் கலிஃபோர்னியாவில் உணவகம் நடத்திவந்த அவர் மனைவி அகைஷாவும் 38 வயதில் அதே வழியில் இறங்கினார்கள். 2015இல் டொரொன்டோவின் கணினிப் பொறியாளர்கள் கிறிஸ்டி ஷென், பிரைஸ் லியுங் தம்பதி, முப்பதைத் தாண்டிய சூட்டோடு.

வரவில் பாதிக்குமேல் சேமித்து, அதைப் பங்குச்சந்தையில் போட்டு, நாற்பதுக்குள் வேலைக்கு முழுக்குப் போடுகிற இந்தப் போக்குக்கு இப்போது ‘ஃபயர்’ என்று பெயர். அதில் சேருகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் பயணம். வீட்டை விற்றுவிட்டு, பையோ வண்டியோ எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக, வருடம் முழுக்க. அந்த வாழ்க்கை மனதை நிறைக்கிறதா என்று ஆராயப் போனால் முதலில் ஒரு சிக்கல் எதிர்ப்படுகிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் அதில் நிலைத்தவர்கள். பலருக்கு எழுத்தே அதில் ஒரு வருமானமும்கூட. மூன்றாம் ஆண்டில் சலித்துப்போய்ச் சத்தமில்லாமல் ஊர் திரும்பியவர் புத்தகம் எழுதுவதில்லை. ஆகவே வென்றவர்களின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல முடியாது. வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த இடம் அமெரிக்க நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் பணத்தையும் மனதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பணக் கணக்கு சுருக்கமானது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1926 முதலான அமெரிக்கச் சந்தை விவரங்களைப் புரட்டி ஒரு முடிவுக்கு வந்தார்: ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனால் பணம் 30 ஆண்டு தாங்கும். 65 வயதுக்காரருக்கு அது போதும். 35 வயதுக்காரருக்கு 50, 60 ஆண்டு தாங்க வேண்டும். இங்கேதான் பயணம் கைகொடுக்கிறது. ஷென், லியுங் சேர்த்திருந்தது சுமார் 10 லட்சம் கனடிய டாலர். முதல் ஆண்டு உலகம் சுற்ற ஆன செலவு ஏறக்குறைய 40,000. சந்தை சரிந்தால் ஐரோப்பாவை விட்டுத் தாய்லாந்துக்குப் போய்விடலாம், செலவு பாதியாகும் என்பது அவர்கள் வாதம். டாலரில் சேமித்துத் தாய்லாந்தின் ‘பாட்’ நாணயத்தில் செலவழிப்பது உண்மையிலேயே நல்ல கேடயம். டொரொன்டோவில் வீடு வாங்கித் தவணை கட்டுவதைவிட ஊர்சுற்றுவது மலிவு என்பதை அவர்கள் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

ஆனால் அந்தக் கேடயத்துக்குக் கைப்பிடி ஒன்று உண்டு. அது வேறு யார் கையிலோ இருக்கிறது. விசா இல்லாமல் போகும் அமெரிக்கரும் கனடியரும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்குமேல் தங்கக்கூடாது. தாய்லாந்து ஓய்வு விசா கேட்டால் 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். முப்பதுகளில் ஓய்வு பெற்றவர் இந்த இரண்டுக்கும் நடுவே நாள் எண்ணிக்கொண்டு திரிகிறார். எப்போது கிளம்புவது என்பதை மனம் தீர்மானிப்பதில்லை, பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை தீர்மானிக்கிறது. சென்னையிலிருந்து இந்தக் கனவைக் காண்கிறவருக்கு இன்னும் ஒரு படி கூடுதல்: ஐரோப்பிய விசா விண்ணப்பத்தில் கேட்கிற முதல் சில காகிதங்களில் ஒன்று, எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதற்கான சான்று.

மனதின் கதை பணத்தைவிட நுட்பமானது. நெதர்லாந்தின் யெரூன் நவைனும் அவர் சகாக்களும் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. விடுமுறைக்குப் போனவர்களும் போகாதவர்களும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று முன்னும் பின்னும் அளந்தார்கள். கிளம்புவதற்கு முன்னால், போகப்போகிறவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பியபின் பெரும்பாலானோருக்கு எந்த வித்தியாசமும் இல்லை; மிக நிம்மதியாகக் கழிந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும் சில வாரம் அந்தச் சுகம் நீடித்தது. அப்படியானால் பயணத்தின் மகிழ்ச்சியில் பெரும்பங்கு எதிர்பார்ப்பில் இருக்கிறது. எதிர்பார்ப்புக்கு, போகாமல் இருக்கிற நாட்கள் வேண்டும். கொச்சியில் சிறிய தேநீர்க்கடை நடத்திவந்த விஜயன், மோகனா தம்பதியை நம் பக்கத்தில் பலருக்கு நினைவிருக்கும். தினமும் கல்லாவில் கொஞ்சம் எடுத்துவைப்பார்கள், போதாததற்குக் கடன் வாங்குவார்கள், போய்வந்து கடனை அடைப்பார்கள், மறுபடி எடுத்துவைப்பார்கள். 2021இல் விஜயன் காலமாவதற்குள் 26 நாடுகள் பார்த்துவிட்டார்கள். கடையை விற்றுவிட்டு ஒரேயடியாகக் கிளம்பியிருந்தால் நாடுகளின் எண்ணிக்கை கூடியிருக்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் பின்னால் இருந்த அந்த வருடக்கணக்கான ஆவல் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஓய்வுக் காலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்த சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி 1970களில் சொன்னதும் இதோடு சேர்கிறது. ஓய்வு பெற்றவுடன் ஒரு தேனிலவு. அடுத்து ஏமாற்றம். அதன்பிறகுதான் வாழ்க்கையைப் புதிதாக ஒழுங்குபடுத்திக்கொள்ளும் கட்டம் வருகிறது. உள்ளூரில் இருக்கிற ஓய்வாளருக்கு ஏமாற்றம் சீக்கிரமே வந்துவிடும். நாளிதழ் படித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் மணி ஒன்பதுதான் ஆகியிருக்கும். பயணிக்கு அது தள்ளிப்போகிறது. லிஸ்பன் சலிப்பதற்குள் ஜார்ஜியா, அது சலிப்பதற்குள் வியட்நாம். தேனிலவு மூன்று வருடம் நீள்கிறது. ‘இனி என்ன செய்வது’ என்ற கேள்வி ஒழிந்துபோகவில்லை, விமான நிலையத்தில் காத்திருக்கிறது. பலர் இரண்டு மூன்று ஆண்டில் ஓரிடத்தில் தரித்துவிடுவதற்குச் சோர்வைக் காரணம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது தாமதமாக வந்த ஆட்ச்லியின் இரண்டாம் கட்டம் என்றுதான் படுகிறது.

கட்டுப்பாடில்லாத நேரம் மனிதனை என்ன செய்யும் என்பதற்குச் சமூகவியலில் பழைய சான்று ஒன்று உண்டு. வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற ஊரில் இருந்த ஒரே பெரிய ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது, ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடாவும் அவர் சகாக்களும் அங்கே தங்கி ஆராய்ந்து 1933இல் நூல் வெளியிட்டார்கள். வேலையில்லாத ஆண்கள் தெருவைக் கடக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்றுகூட அளந்தார்கள். நடை மெதுவாகிவிட்டிருந்தது, வழியெல்லாம் நின்று நின்று போனார்கள். நூலகக் கட்டணத்தை நீக்கியபிறகும் புத்தகம் எடுப்பது குறைந்தது. படிக்க நேரமே இல்லாதபோது படித்தவர்கள், நேரம் கொட்டிக்கிடந்தபோது விட்டுவிட்டார்கள். அங்கே வறுமை இருந்தது, இங்கே வங்கிக் கணக்கு இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வேலை சம்பளத்தோடு சேர்த்து வேறு சிலவற்றையும் சொல்லாமலே தருகிறது என்று யஹோடா பின்னாளில் வகுத்துச் சொன்னார்: நாளுக்கு ஒரு சட்டகம், குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், தனி மனிதரைத் தாண்டிய ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமான சுறுசுறுப்பு. சேமிப்பு சம்பளத்தை ஈடுகட்டும். மீதியைப் பயணம் ஈடுகட்டுகிறதா?

இனி அமெரிக்க நெடுஞ்சாலை. வீட்டை விற்றுவிட்டு மோட்டார் வண்டியிலோ இழுவை டிரெய்லரிலோ குடியிருப்பவர்களை அங்கே ‘ஃபுல்டைமர்’ என்கிறார்கள். ஆர்.வி. என்று சுருக்கிச் சொல்லப்படும் அந்த வண்டிக்குள் சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு. பெரிய வண்டியாக இருந்தாலும் புழங்குகிற இடம் 400 சதுர அடிக்குள்தான். ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978இல் ‘எஸ்கேப்பீஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் என்ற சிறு ஊர் அதன் தலைமையிடம். உறுப்பினர்களின் தபால் எல்லாம் அங்கே வந்து குவியும்; அவரவர் அந்த வாரம் எங்கே நிற்கிறாரோ அங்கே அனுப்பிவைப்பார்கள். ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, வரி எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி வேண்டுமே. ஒருநாளும் குடியிருக்காத ஊரின் முகவரியோடு ஆயிரக்கணக்கானவர்கள் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இவர்களை ஆராய வந்த இருவரின் பின்னணிதான் விசேஷம். டோரத்தி கவுன்ட்ஸ், டேவிட் கவுன்ட்ஸ் தம்பதி கனடாவில் பணியாற்றிய மானுடவியலாளர்கள். பப்புவா நியூ கினியின் நியூ பிரிட்டன் தீவில் ஆண்டுக்கணக்கில் களப்பணி செய்தவர்கள். 1990களில் தாங்களும் ஒரு வண்டி எடுத்துக்கொண்டு ஃபுல்டைமர்களோடு சேர்ந்து ஓடி, 1996இல் அதை நூலாக்கினார்கள். அதற்கு முன்பே 1992இல் எழுதிய கட்டுரையில், வழியில் கிடைத்த சக பயணிகளையே குடும்பம் என்று இவர்கள் சொல்லிக்கொள்வதைத் தலைப்பாக வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், பெற்ற பிள்ளைகள் உட்பட, இவர்களை வேரற்றவர்கள் என்று நினைத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. புது வண்டி வந்து நின்றால் அக்கம்பக்கத்தார் எழுந்து வந்து நிறுத்த உதவுவார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் அடுத்த வண்டிக்காரர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார். நாளைக்குப் பிரிந்துவிடப் போகிறவர்கள் என்பதாலேயே கொடுக்கல் வாங்கலை உடனடியாகத் தொடங்கிவிடுகிறார்கள். பசிபிக் தீவுகளில் உணவைப் பகிர்ந்து உறவை உண்டாக்கும் முறையைப் படித்த கண்களுக்கு அந்த விருந்தின் பொருள் சட்டென்று பிடிபட்டிருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது அவர்களுடைய பாதை. ‘எங்கும் போகலாம்’ என்று கிளம்பியவர்கள் சில ஆண்டுகளில் ஒரு சுற்றுக்குள் வந்துவிடுகிறார்கள். குளிருக்கு அரிசோனா, கோடைக்கு வடக்கே, நடுவில் பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊரில் ஒரு மாதம். அரிசோனாவின் குவார்ட்சைட் சில ஆயிரம் பேர் வசிக்கிற பாலைவனச் சிற்றூர். குளிர்காலத்தில் அதன் சுற்றுப்புறம் முழுக்க வண்டிகள் நிற்கும். அரசு நில நிர்வாகத் துறையின் இடத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க வெகுகாலம் வாங்கிய கட்டணம் 180 டாலர். தண்ணீர்க் குழாய் இணைப்பும் மின்சாரமும் கிடையாது. ஆனால் போன வருடம் பக்கத்தில் நின்றவர் இந்த வருடமும் வருவார். அதற்காகவே போகிறார்கள்.

சுற்றோடு வேலையும் சேர்ந்துகொள்கிறது. தேசிய வனங்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் முகாம் பொறுப்பாளராக இருந்து, வாரத்துக்கு இத்தனை மணி என்று உழைத்து, பதிலுக்கு வண்டி நிறுத்த இலவச இடம் பெறுபவர்கள் ஏராளம். ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ‘ஹாபிடட் ஃபார் ஹியூமானிடி’ அமைப்பில் ஆர்.வி. குடியிருப்பாளர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. இரண்டு வாரம் ஓரிடத்தில் முகாமிட்டுச் சுவர் எழுப்பிவிட்டு நகர்வார்கள். இத்தனை மணிக்கு வர வேண்டும், இன்ன வேலை முடித்தாக வேண்டும், வராவிட்டால் மற்றவருக்குச் சிரமம். யஹோடா சொன்னவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேர்கின்றன, சம்பளம் மட்டும் இல்லாமல். முழுநேரப் பயணம் பத்து இருபது ஆண்டு நிலைத்த இடங்களில் எல்லாம் அது பயணம் என்ற குணத்தைப் பெருமளவு இழந்திருக்கிறது என்பது என் முடிவு. அதற்குத் தடம் விழுந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் பரவிக்கிடக்கிற ஒரு கிராமமாகிவிடுகிறது.

இதை அளவுக்குமீறி அழகாக்கிவிடவும் கூடாது. அதே குவார்ட்சைட்டில், அதே குளிர்காலத்தில், 2008 நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து வேனில் குடியேறிய முதியவர்களும் நின்றார்கள். ஜெசிகா ப்ரூடர் 2017இல் ‘நோமேட்லேண்ட்’ நூலில் எழுதியது அவர்களைப் பற்றி. அமேசான் கிடங்குகளில் பண்டிகைக் காலத்தில் பத்து மணிநேரம் நின்று பொட்டலம் எடுத்த எழுபது வயதுக்காரர்கள் அவர்கள். பக்கத்துப் பக்கத்து வண்டியில் ஒருவர் ஓய்வில் இருந்தார், இன்னொருவர் ஓய்வே கிடைக்காமல் இருந்தார்.

சாலை வாழ்க்கை தம்பதிகளுக்கானது என்பதும் கொஞ்சம் தாமதமாகவே உறைக்கும். இருவரில் ஒருவருடைய கனவாக மட்டும் இருந்தால் 400 சதுர அடியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. துணை போனபிறகும் தொடர்கிறவர்களுக்குத் தனியர் சங்கங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான ‘லோனர்ஸ் ஆன் வீல்ஸ்’ கறாரானது: உறுப்பினர்கள் இருவர் ஜோடி சேர்ந்துவிட்டால் வாழ்த்துச் சொல்லி வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கிராமம் ஒரு நிபந்தனையின்பேரில் நிற்கிறது: எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஓய்வு. 38 வயதில் கிளம்புகிறவருக்கு அது வாய்ப்பதில்லை. அவர் வயதுக்காரர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவரோடு காப்பி குடிக்க வரக்கூடியவர்கள் அறுபதைக் கடந்தவர்கள், அல்லது மடிக்கணினியோடு ஆறு வாரத்துக்கு வந்திருக்கிற இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். பெற்றோர் வேறு, தளரத் தொடங்குகிற வயதில் இருப்பார்கள். பணக் கணக்கில் 60 ஆண்டு என்று போட்டோமே, அந்த 60 ஆண்டுக்கும் பார்க்க நாடுகள் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபயர் போக்கின் மூதாதை என்று சொல்லத்தக்க ஜோ டொமிங்கஸின் வாழ்க்கை இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வால் ஸ்ட்ரீட் ஆய்வாளராக இருந்தவர், 1969இல் முப்பதைத் தாண்டியவுடன் வேலையை விட்டார். வண்டியில் சுற்றினார். வழியில் விக்கி ராபினைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து 1992இல் எழுதிய ‘யுவர் மணி ஆர் யுவர் லைஃப்’ இன்றும் அந்தப் போக்கின் மூலநூல். ஆனால் அந்த நூலை எழுதும்போது அவர்கள் ஊர்சுற்றிகளாக இல்லை. சியாட்டிலில் தரித்து, சிக்கன வாழ்க்கையைக் கற்றுத்தருவதையும் தொண்டு வேலையையும் முழுநேரமாகச் செய்துகொண்டிருந்தார்கள். புத்தக வருமானத்தையும் அதற்கே கொடுத்தார்கள். 1997இல் டொமிங்கஸ் இறந்தார். சீக்கிரம் ஓய்வு பெறும் வித்தையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களில் பலர், அவர் பயணத்தை நிறுத்திய பக்கத்தைப் புரட்டவில்லை. கேடர்லி தம்பதியும் வெகுகாலமாக மெக்சிகோவின் சபாலா ஏரிக்கரையை இருப்பிடமாக வைத்துக்கொண்டுதான் போய்வருகிறார்கள். அமெரிக்க, கனடிய ஓய்வாளர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் இடம் அது.

கடைசிக் காலம் என்றொன்றும் இருக்கிறது. கண் மங்கி, மூட்டு மடங்காமல் போய், வண்டி ஓட்டுவதை நிறுத்துவதை ஃபுல்டைமர்கள் ‘சாவியை ஆணியில் மாட்டுவது’ என்பார்கள். அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 65 வயதில்தான் தொடங்கும், வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பணம் தராது. இந்தக் கட்டம் வந்தால் பாங்காக்கில் இருக்கிறவரும் ஊர் திரும்பியாக வேண்டியிருக்கும். ஆனால் திரும்ப ஊர் எது? எஸ்கேப்பீஸ் சங்கத்தில் இந்தக் கேள்வி 1980களிலிருந்தே எழுந்தது. விடையாக 1990களில் லிவிங்ஸ்டனில் ‘கேர்’ என்ற நிலையத்தை உண்டாக்கினார்கள். முதியவர் தன் வண்டியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்திவிடலாம். தன் படுக்கையில், தன் சாமான்களுக்கு நடுவே, வண்டிக்குள்ளேயே வாழலாம். மூன்று வேளைச் சாப்பாடு பொதுக்கூடத்தில். துணி துவைத்துத் தருவார்கள், மருத்துவரிடம் அழைத்துப்போவார்கள், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. முதியோர் இல்லத்துக்குப் போனால் ஆகும் செலவைவிட மிகக் குறைவு. உதவிக்கு வருகிறவர்களில் பலர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற உறுப்பினர்கள். சில வாரம் வந்து வண்டியை நிறுத்தி வேலை செய்துவிட்டுக் கிளம்புவார்கள்.

முப்பதுகளில் ஓய்வு பெற்று உலகம் சுற்றும் தலைமுறையும் ஒன்றுகூடத் தொடங்கியிருக்கிறது. எழுத்தாளர் ஜே.எல். காலின்ஸும் நண்பர்களும் 2013இல் எக்வடாரில் தொடங்கிய ‘ஷடாக்வா’ முகாம்கள் அப்படிப்பட்டவை: ஒரு வாரம் ஒன்றாகத் தங்கி, பணத்தையும் வாழ்க்கையையும் பேசிவிட்டுக் கலைகிறார்கள். எஸ்கேப்பீஸ்காரர்களும் தொடக்கத்தில் அவ்வளவுதான் செய்தார்கள். மைதானத்தில் கூடினார்கள், பேசினார்கள், கலைந்தார்கள். அங்கிருந்து ஒருவருக்கொருவர் சோறு ஊட்டுகிற நிலைக்கு வந்துசேர அவர்களுக்குச் சுமார் 15 ஆண்டுகள் பிடித்தன. இவர்களுக்கு வயது குறைவு, அவகாசம் நிறைய. விசா மட்டும் 90 நாளுக்கு ஒருமுறை முடிந்துவிடுகிறது.